தட்டு கழுவ அமெரிக்கா போகணுமா?

உங்கள் சொந்தத்தில் ஒரு பையனோ பெண்ணோ அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருக்கலாம். சொந்தத்தில் இல்லையென்றால் எதிர் வீட்டில். அங்கேயும் இல்லையென்றால் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மகன். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். அதனால் நான் சொல்வதை உடனே சரிபார்க்க உங்களுக்கு வசதி இருக்கிறது.

அடுத்த தடவை அவன் போனில் வரும்போது கேளுங்கள். "தம்பி, க்ளாஸ் இல்லாத நேரத்துல என்னப்பா பண்றே?"

கொஞ்சம் தயங்குவான். "லைப்ரரியில பார்ட் டைம் மாமா" என்று வரும். அல்லது "டைனிங் ஹால்ல வேலை" என்பான். டைனிங் ஹாலில் என்ன வேலை என்று மட்டும் நீங்களும் கேட்க மாட்டீர்கள், அவனும் சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன். மற்ற மாணவர்கள் சாப்பிட்டு வைத்துவிட்டுப் போன தட்டை வழித்து, அலசி, மெஷினில் அடுக்குவது. பீட்ஸாவுக்கு மாவு பிசைவது. மேஜை துடைப்பது, தரை துடைப்பது, குப்பைப் பையைக் கட்டி வெளியே வைப்பது. எஃப்-1 விசாவில் போனவர்கள் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் வரை கேம்பஸுக்குள் வேலை பார்க்கலாம். வெளியே போய் வேலை பார்க்க முதல் வருஷம் பொதுவாக அனுமதி கிடையாது. அதனால் இந்தத் தட்டு கழுவுகிற வேலைக்கே அங்கே போட்டா போட்டி.

இங்கே இருந்தவரை அவன் சாப்பிட்ட தட்டை அம்மாதான் எடுத்திருப்பார். அது வேறு கதை.

அவனைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்தப் பையனை எனக்குப் பிடிக்கிறது. எனக்குக் கோபமெல்லாம் நம் மேல்தான். காரணம் இருக்கிறது.

போன முகூர்த்தத்தில் நீங்கள் சாப்பிட்ட பந்தியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே கலர் சட்டை, தலையில் தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு பையன் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு வந்தான் இல்லையா? "ஏம்பா, ரசம் எங்கே?" என்று ஒரு அதட்டல் போட்டோமே, அவன் யார்? கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், பி.காம். மூன்றாம் வருஷம், பாலிடெக்னிக் என்று பதில் வரும். தமிழ்நாட்டில் கல்யாண கேட்டரிங்கை இன்று தாங்கிப் பிடிப்பது கல்லூரி மாணவர்கள்தான். அன்றைக்கு ராத்திரி ரிசப்ஷன் பந்தி, விடியற்காலையில் டிபன் பந்தி, நடுவில் மண்டபத்துத் தரையில் இரண்டு மணி நேரத் தூக்கம். கையில் சில நூறு ரூபாய். அப்படியே பஸ் பிடித்து கல்லூரிக்குப் போனால் முதல் ஹவரில் கண் சொருகும். பேராசிரியர் சாக்பீஸை எறிவார். "ராத்திரி என்ன சினிமாவா?" என்று கேட்பார். க்ளாஸே சிரிக்கும்.

கேட்டரிங் கிடைக்காதவன் ஜவுளிக்கடைக்குப் போகிறான். (கடை ஊழியர் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு மனிதன் உட்கார சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) இல்லையென்றால் பெட்ரோல் பங்க். இல்லையென்றால் பைக்கில் சாப்பாட்டுப் பார்சல்.

இரண்டு பையன்களும் செய்வது ஒரே வேலை. ஒருத்தன் ஒஹையோவில் எச்சில் தட்டு எடுத்தால் "பாருங்க, அந்த ஊர்ல எல்லாரும் சொந்தக் கால்ல நிக்கிறாங்க" என்று மெச்சுகிறோம். இன்னொருத்தன் ஒரத்தநாட்டில் எச்சில் இலை எடுத்தால் "ஐயோ பாவம், கஷ்டப்பட்ட குடும்பம்" என்று உச்சுக் கொட்டுகிறோம். டாலரில் கொடுத்தால் உழைப்பு, ரூபாயில் கொடுத்தால் அவமானம். நல்ல நியாயம்!

ஆனால் வித்தியாசம் கரன்சியில் மட்டும் இல்லை. ஒஹையோ பையனுக்கு வேலை கொடுப்பதே அவன் கல்லூரிதான். வகுப்பிலிருந்து பத்து நிமிஷ நடை. வாரத்துக்கு இத்தனை மணி என்று உச்சவரம்பு உண்டு. பரீட்சை வந்தால் ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம். சட்டம் சொல்கிற குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க முடியாது. (அந்த தேசியக் குறைந்தபட்சக் கூலி 2009லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. அவர்களும் ஒன்றும் கர்ணன் பரம்பரை இல்லை.) நம்ம ஒரத்தநாட்டுப் பையனுக்கு முதலாளி ஒரு கேட்டரிங் கான்ட்ராக்டர். பரீட்சையாவது ஒன்றாவது. "முகூர்த்த நாள்ல லீவு போட்டா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டேன்" என்பார். கூலி அவர் வாயிலிருந்து வருவதுதான்.

இவனுக்கு நம் கல்லூரி என்ன செய்கிறது? அட்டெண்டன்ஸ் எடுக்கிறது. 75 சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. கொஞ்சம் குறைந்தால் பல பல்கலைக்கழகங்களில் 'காண்டனேஷன்' என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். அதாவது, ஃபீஸ் கட்டுவதற்காக வேலைக்குப் போனான், வேலைக்குப் போனதற்காக ஃபைன் கட்டுகிறான், ஃபைன் கட்டுவதற்காக இன்னொரு கல்யாணத்துக்குப் பரிமாறப் போகிறான். இப்படியே அரியர் ஏறி, ஒரு நாள் பையன் கல்லூரிக்கு வருவதே இல்லை. ரிஜிஸ்டரில் 'லாங் ஆப்சென்ட்' என்று எழுதி முடித்துக்கொள்கிறோம்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். அந்த வேலையைக் கல்லூரிக்குள்ளேயே கொடுத்தால் என்ன?

அமெரிக்காவில் இது கல்லூரிகளின் கருணையால் மட்டும் நடக்கவில்லை. 1964ல் ஜான்சன் அதிபராக இருந்தபோது வறுமை ஒழிப்புக்காகக் கொண்டுவந்த சட்டத்தில் இதையும் ஒரு பகுதியாக வைத்தார்கள். வசதி இல்லாத மாணவனுக்குக் கல்லூரி வேலை கொடுத்தால், சம்பளத்தில் பொதுவாக முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும். மீதியைக் கல்லூரி போட வேண்டும். 60 வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. லைப்ரரி கவுன்டர், லேப், கம்ப்யூட்டர் சென்டர், ஹாஸ்டல் ஆபீஸ், ஜிம் வாசல் என்று எங்கே போனாலும் ஒரு மாணவன் உட்கார்ந்திருப்பான்.

அதற்கும் முன்னால் போகலாம். கென்டக்கி மாநிலத்தில் பெரியா காலேஜ் என்று ஒன்று. (நம்ம பெரியார் இல்லை, பெரியா.) 1855ல் அடிமை முறையை எதிர்த்த ஒரு பாதிரியார் ஆரம்பித்தது. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் ஒன்றாகப் படித்த இடம். இது பொறுக்காமல் 1904ல் கென்டக்கி சட்டசபை, ஒரே கல்லூரியில் இரண்டு நிறத்தாரும் படிக்கக் கூடாது என்று தனிச் சட்டமே போட்டுக் கறுப்பு மாணவர்களை வெளியேற்றியது. 1950ல் அந்தச் சட்டம் தளர்ந்த பிறகு மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே 1892லிருந்து டியூஷன் ஃபீஸ் கிடையாது. படிக்கிற ஒவ்வொருவரும் வாரம் 10 மணி நேரமாவது வேலை பார்த்தாக வேண்டும். தோட்டத்தில், தச்சுப் பட்டறையில், தறியில், சமையலறையில், ஆபீஸில். ஏழைக்கு மட்டும் துடைப்பம் என்ற பேச்சே அங்கே கிடையாது. எல்லாருக்கும் வேலை உண்டு என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். மாணவன் வேலை செய்து சம்பாதிப்பதில் கல்லூரி ஓடவில்லை. நன்கொடையாக வந்த மூலதனத்தின் வருமானம்தான் ஃபீஸைத் தாங்குகிறது. இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

"அதெல்லாம் அமெரிக்கா சார், நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்பவர்கள் சதாராவுக்கு ஒரு டிக்கெட் எடுக்கலாம். மகாராஷ்டிராதான். கர்மவீர் பாவுராவ் பாட்டீல், ஜோதிராவ் ஃபுலே வழியில் வந்த சத்தியசோதக் இயக்கத்துக்காரர். 1919ல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி நிறுவனத்தை ஆரம்பித்தார். சதாராவில் அவர் நடத்திய ஹாஸ்டலில் எல்லா ஜாதிப் பையன்களும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். 1920களில்! பையன்களுக்குச் சோறு போட அவர் மனைவி லட்சுமிபாய் தன் நகைகளை விற்றார். 1947ல் சதாராவில் தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரியில் 'சம்பாதித்துக்கொண்டே படி' என்பதையே திட்டமாக்கினார்கள். இன்றைக்கும் புனே பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் அந்தத் திட்டம் உண்டு.

சதாராவிலும் சரி, கென்டக்கியிலும் சரி, ஒன்றாக வேலை செய்வது என்ற யோசனை வந்தது பிறப்பால் மேல், கீழ் பார்ப்பதை எதிர்த்தவர்களிடமிருந்து. ஒரே அடுப்பில் எல்லாரும் நின்றால்தான் அது உடையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் 'படிக்கிற பிள்ளை வேலை பார்க்கட்டும்' என்றாலே பலருக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கத்தான் வேண்டும். 1953ல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். வண்ணார் பிள்ளை வெளுக்க, குயவர் பிள்ளை சட்டி வனைய, வக்கீல் பிள்ளை மட்டும் வக்கீலாக! குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் காங்கிரஸிலேயே பலரும் எதிர்த்தார்கள். 1954ல் காமராஜர் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். அந்தப் போராட்டம் மட்டும் நடக்காமல் போயிருந்தால், இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

எனவே சந்தேகம் நியாயம். ஆனால் குலக்கல்வியில் தப்பு வேலையில் இல்லை. யாருக்கு எந்த வேலை என்பதை அப்பன் ஜாதி தீர்மானித்தது, படிக்கிற நேரத்தை வெட்டி வேலைக்குக் கொடுத்தது, கூலியே இல்லாதது, இதெல்லாம்தான் தப்பு. கல்லூரிக்குள் வேலை என்றால் படிப்பு நேரத்தில் கை வைக்கக் கூடாது, மணிக்கு இவ்வளவு என்று கூலி வேண்டும், வேலையைச் சுழற்சி முறையில் பிரிக்க வேண்டும். லைப்ரரி கவுன்டருக்கு ஒரு ஜாதி, பாத்திரத் தொட்டிக்கு ஒரு ஜாதி என்று எந்தக் கல்லூரியாவது பிரித்தால் நானே முதல் ஆளாகக் கொடி பிடிப்பேன்.

ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தபோது மதியச் சாப்பாட்டில் கரஸ்பாண்டென்டிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க சார். லட்ச ரூபா கட்டி என் பையனைத் துடைக்க விடறீங்களான்னு கேப்பாங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மாணவிகள் எங்களுக்கு ஐஸ்க்ரீம் கொண்டுவந்து வைத்தார்கள். 'வாலன்டியர்' என்று பேட்ஜ் குத்தியிருந்தார்கள். காலையிலிருந்து பட்டுப் புடவையில் வாசலில் நின்று பன்னீர் தெளித்ததும் அவர்கள்தான். அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். "அவங்களுக்கு அது ஒரு எக்ஸ்போஷர் சார்" என்றார்.

புரிகிறதா? நம் கல்லூரிகளில் மாணவர்கள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமைச்சர் வந்தால் நாற்காலி தூக்குவது, 'நாக்' குழு வந்தால் ராத்திரி பகலாக ஃபைல் டைப் அடிப்பது, ப்ளஸ் டூ மாணவர்களைப் பிடிக்க ஸ்கூல் ஸ்கூலாகப் போய் நோட்டீஸ் கொடுப்பது. ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டால் கைடு வீட்டு கேஸ் சிலிண்டர் கதையெல்லாம் வரும். வேலை வாங்குவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. கூலி கொடுப்பதில்தான் கூச்சம்.

கணக்குப் போடுவோம். 2000 பேர் படிக்கிற ஒரு தனியார் கல்லூரி. 200 பேருக்கு வேலை. வாரம் 15 மணி நேரம், மாதம் 60 மணி. மணிக்கு 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு மாதம் 4,500 ரூபாய். 200 பேருக்கு மாதம் 9 லட்சம், பத்து மாதத்துக்கு 90 லட்சம். ஆளுக்கு ஒரு லட்சம் ஃபீஸ் என்றால் அந்தக் கல்லூரியின் வருஷ வசூல் 20 கோடி. ஆக, வசூலிக்கிற நூறு ரூபாயில் நாலரை ரூபாய். அதுகூட முழுக்கப் புதுச் செலவு இல்லை. இப்போது கான்ட்ராக்டருக்குப் போகிற டேட்டா என்ட்ரி, வெப்சைட் வேலைகளைக் கழித்தால் இன்னும் குறையும்.

அரசுக் கல்லூரிகளில் அந்த வசூல் கிடையாது. அங்கே அரசு போட வேண்டும், முக்கால் பங்கோ முழுப் பங்கோ. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022ல் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024ல் வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆயிரம் ரூபாய் என்பது எத்தனை வீட்டில் பஸ், நோட்டு, செல்போன் ரீசார்ஜ் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் ரூபாயால் கேட்டரிங் வேன் நிற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2023ல் ஒரு வரைவு வழிகாட்டுதலில், வசதியற்ற மாணவர்களுக்கு லைப்ரரி, லேப், கம்ப்யூட்டர் வேலைகள் கொடுக்கலாம் என்று சொன்னது. கொடுக்க'லாம்'. நம் ஊரில் 'லாம்' போட்டு முடிகிற எந்த உத்தரவு நடந்திருக்கிறது?

பெண்களைப் பற்றி யோசியுங்கள். ராத்திரி பந்திக்குப் பையன் போகலாம், கிராமத்திலிருந்து வருகிற பெண்ணை யார் அனுப்புவார்கள்? அவள் நாலரை மணி டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பியாக வேண்டும். வீட்டில் பூ கட்டுகிறாள், ஜாக்கெட் ஊக்கு வைக்கிறாள், தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறாள். அதில் வருவது அப்படியே வீட்டுச் செலவுக்குப் போய்விடும். அவளுக்குக் கல்லூரிக்குள் இரண்டு மணி நேர வேலை கிடைத்தால், அவள் பெயரில் உள்ள பாங்க் கணக்கில் விழுந்தால்? பல அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் நடக்கிறது. காலை ஷிப்ட் மாணவி மதியம் மூன்று மணி வரை லைப்ரரியில் வேலை பார்க்கலாம். மதிய ஷிப்ட் மாணவி காலையில் பார்க்கலாம். யாரும் புதிதாக டைம்டேபிள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அதை நான் சொல்லாவிட்டால் ஆபீஸர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மாணவர்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள் என்று தெரிந்தால், லைப்ரரி உதவியாளர், லேப் அட்டெண்டர் பணியிடங்களை நிரப்பவே மாட்டார்கள். நம் அரசுக் கல்லூரிகள் ஆயிரக்கணக்கான 'கௌரவ' விரிவுரையாளர்களை வைத்துத்தான் வருஷக்கணக்காக ஓடுகின்றன. கௌரவம் மட்டும் தாராளம். அதே கதை இங்கேயும் நடக்கும். ஆகவே மாணவர் வேலை என்பது நிரந்தர ஊழியர் இருக்கிற இடத்தில் கூடுதல் கையாக மட்டும்தான் இருக்க வேண்டும். நூலகர் பதவி காலியாக இருக்கிற கல்லூரியில் மாணவரை லைப்ரரியில் உட்கார வைக்கக் கூடாது. முதலில் நூலகரைப் போடு, பிறகு பேசலாம்.

இன்னொரு ஆபத்து, பெரியா காலேஜ் பற்றிச் சொன்னேனே, அங்கே தொடங்குகிறது. வேலைதான் கொடுத்துவிட்டோமே என்று ஃபீஸை ஏற்றுவார்கள். அமெரிக்காவிலேயே இன்று பல இடங்களில் பார்ட் டைம் சம்பளத்தில் ஃபீஸ் கட்ட முடியாது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் வரும், ஃபீஸுக்குக் கடன்தான். மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. அயோவா மாநிலத்து கிரின்னல் காலேஜில் 2016ல் டைனிங் ஹாலில் வேலை பார்த்த மாணவர்கள் யூனியன் ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் சுமார் 20 ஆயிரம் மாணவர் ஊழியர்கள் 2024ல் ஓட்டுப் போட்டு யூனியனில் சேர்ந்தார்கள். தட்டு கழுவுவதை அங்கேயிருந்து இறக்குமதி செய்தால் இதையும் சேர்த்து இறக்குமதி செய்யணும். கரஸ்பாண்டென்டுகள் இதைப் படிக்கும்போது முகம் போகிற போக்கை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

"படிக்கிற வயசுல படிக்கட்டுமே சார், ஏன் வேலை?" என்று எனக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்துவிட்டீர்கள் என்று தெரியும். உங்கள் பிள்ளை படிக்கட்டும். ஸ்காலர்ஷிப்பில் முழுச் செலவையும் அரசே ஏற்றால் எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும், இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். அதுவரைக்கும், கல்லூரி வயதில் உள்ள நூறு பேரில் 47 பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள் என்று 2021-22 கணக்கெடுப்பைக் காட்டித் தமிழ்நாடு பெருமைப்படுகிறதே, அதில் எத்தனை பேர் ராத்திரி பந்தியில் நின்றுவிட்டு வந்து காலையில் தூங்குகிறார்கள் என்று யாராவது எண்ணினார்களா?

ஜூன் மாசம் அட்மிஷனுக்கு அலையப் போகிறீர்கள். ப்ளேஸ்மென்ட் எவ்வளவு, ஏ.சி. ஹாஸ்டல் உண்டா என்றெல்லாம் கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "உங்க காலேஜ்ல ஸ்டூடன்ட்ஸுக்கு எத்தனை வேலை இருக்கு? மணிக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?" என்ன பதில் சொன்னார்கள் என்று, கல்லூரி பெயரோடு, எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.